ஐம்பத்தேழு மில்லிமீட்டர் சூரியன்

ஆவுடையின் சனிக்கிழமை வகுப்புக்கு வலம்புரிக் கப்பலில் குப்பை வகுப்பு என்று பெயர். பெரியவர்கள் கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் ஒன்பது பிள்ளைகளும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தின் உள்பக்கத்து வெள்ளித்தாள், உறிஞ்சுகுழல், ரப்பர் பேண்ட், தீர்ந்துபோன பற்பசைக் குழாய், கிழிந்த துணியில் மிஞ்சிய நூல் என்று எது குப்பைத் தொட்டிக்குப் போனாலும் ஆவுடையின் கண்ணில் பட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குப்பையில் ராக்கெட் பறந்தது, தராசு நின்றது, பல்பு எரிந்தது. வாரத்தில் மற்ற ஐந்து நாளும் திரை பாடம் நடத்தியது. திரைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. திரை சொன்னதைப் பிள்ளைகள் மறுநாளே மறந்தார்கள், கையால் செய்ததை மறக்கவில்லை. இதற்கு மேல் ஆவுடைக்குக் கல்விக் கொள்கை எதுவும் கிடையாது.

அவள் டீச்சரும் இல்லை. வியாழனின் நிலவொன்றில் சுரங்க ஒப்பந்தம் முடிந்து பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த அறுபத்து மூன்று பேருக்கும் கீரையும் தக்காளியும் விளைவிப்பது அவள் வேலை. நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது விசாரித்தால், கீரைக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விடுவாள். ஒன்பது பிள்ளைகளும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள்.

குப்பை வகுப்பு செய்ததிலேயே பெரிய காரியம் சூரிய வட்டம். கப்பலின் நடுவில் இருபத்து நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை உண்டு. கப்பல் சுழல்வதால் மற்ற இடங்களில் கால் தரையில் நிற்கும். நடுப்பாதையில் மட்டும் எடை கிடையாது, மிதக்கத்தான் வேண்டும். அதன் ஒரு முனையில் சூரியனைப் பார்த்த சன்னல். சன்னலை வெள்ளித்தாளால் மூடி, தாளில் சின்னதாக ஒரு துளை போட்டு, விளக்குகளை அணைத்துவிட்டால், மறுமுனையில் கட்டியிருக்கும் அட்டையில் சூரியன் வெளிச்ச வட்டமாக விழும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்த வட்டத்தைப் பென்சிலால் வரைந்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். சூரியனை நெருங்க நெருங்க வட்டம் பெரிதாகும், வீடும் நெருங்கும். கிளம்பிய மாதம் வட்டத்தின் அகலம் நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். பத்தாம் மாதம் ஐம்பத்தெட்டு. எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தார்கள்.

வரைவது செல்சியா. பதினொரு வயது, கை சுத்தம். மிதக்கும்போது அவள் ஆடாமல் இருக்க சுரங்க நிலவிலேயே பிறந்த ஏழு வயது பிரிட்டோ அவள் காலைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். வரைந்த தாள் சாப்பாட்டு அறைச் சுவருக்குப் போகும். குப்பை என்று கேலி செய்த பெரியவர்கள் எல்லோரும் அங்கே வந்து நின்றார்கள். திரையிலும் தூரம் கோடிக் கோடியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிள்ளை வரைந்த வட்டம் போன மாதத்தைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

எல்லோரையும்விட அதிக நேரம் நிற்பவள் செல்சியாவின் அம்மா ஜெசிந்தா. சுரங்க நிர்வாகம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றாது. ஆறு மாதக் கைக்குழந்தை நிக்சனைத் தூத்துக்குடியில் தங்கையிடம் விட்டுவிட்டு, கணவனோடும் மகளோடும் ஏறியவள். அங்கே ஒரு நாள் சுரங்கம் சரிந்ததில் கணவன் இறந்துபோனான். நிக்சனுக்கு இப்போது ஆறு வயது. ஜெசிந்தா தன் பழைய வேலைச் சட்டையை வெட்டி அவனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வட்டம் ஒட்டும்போதும் ஒரு தையல் கூடும்.

பதினோராம் மாதத்து வட்டம் வரைய வேண்டிய சனிக்கிழமை காலையில், கேப்டன் சேர்மத்துரை கீரை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஆவுடை, ஒரு விசயம். வெளிய போகக்கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"போன மாசம் பெரிய எஞ்சினைப் போட்டோம்லா. நாப்பது நிமிசம் எரியணும். மூணு நிமிசத்துல நின்னுட்டு."

"நல்லபடியா முடிஞ்சுதுன்னுல்லா எல்லார்கிட்டயும் சொன்னிய?"

"சொன்னேன்." அவர் ஒரு தக்காளி இலையைத் தடவிக்கொண்டே பேசினார். "நம்மளை ஊர்ப்பக்கம் திருப்புறது அந்த எஞ்சின்தான். அது எரியலைன்னா இப்படியே ஒரு வளைவு போட்டுட்டு வெளிய போயிருவோம். சனிக்கோளையும் தாண்டி. அப்புறம் தானா திரும்பும்."

"எப்ப திரும்பும்?"

"முப்பத்தோரு வருசம்."

ஆவுடை கையிலிருந்த நாற்றை நடாமலேயே நின்றாள். "வேற கப்பல் அனுப்பச் சொல்லுங்க."

"கேட்டாச்சு. நாம போற வேகத்துக்கு வந்து பிடிக்கிற கப்பலை இனிமேதான் கட்டணுமாம். பாக்கியநாதன் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கான். மூணு மாசத்துக்குள்ள சரி பண்ணிட்டா இன்னும் வழி இருக்கு. அதுவரைக்கும் ஜனத்துக்குத் தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா பாதிப்பேரு படுத்த இடத்தை விட்டு எந்திக்க மாட்டாங்க. திரையில வார நம்பரை நான் பாத்துக்கிடுதேன். ஆனா திரையை யாரு பாக்கா? உன் பிள்ளைங்க வரையுத வட்டத்தைல்லா பாக்காங்க."

"நான் என்ன செய்யணும்?"

"வட்டம் வளரணும். அவ்வளவுதான்."

"பிள்ளைங்க சரியா அளந்திருவாங்களே அண்ணாச்சி."

"அப்போ தப்புன்னு சொல்லு."

சேர்மத்துரை கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஆவுடை முடியாது என்று சொல்லியிருப்பாள். அவர் கண்கள் நாலு நாள் தூங்காத கண்கள். அதைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டிவிட்டாள்.

அன்று மதியம் நடுப்பாதையில் விளக்கை அணைத்தார்கள். பிரிட்டோ காலைப் பிடிக்க, செல்சியா வரைந்து, ஸ்கேலை வைத்தாள்.

"அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டு போன மாசம்லா," என்றாள் ஆவுடை.

"இப்பவும் அம்பத்தெட்டுதான் அத்தை. நீங்களே ஸ்கேலை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் ஆவுடைக்கு இல்லை. பதினோரு மாதத்தில் ஒரு பிள்ளையிடமும் அவள் தப்பு என்று சொன்னதில்லை. எண் முன்னே பின்னே வந்தால், இன்னொரு தடவை அள என்பாள், அவ்வளவுதான். அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. வரவழைத்தாள்.

"தப்புட்டி. நீ உள் ஓரத்தைப் பிடிச்சு வரைஞ்சிருக்க. மங்கலா ஒரு கரை தெரியுதுல்லா, அதுக்கு வெளிய வரையணும்."

"இத்தனை நாளும் உள் ஓரத்தைத்தானே வரைஞ்சோம்?"

"இத்தனை நாளும் வரைஞ்சது தப்பு."

செல்சியா அவளிடம் ரப்பரைக் கேட்டு வாங்கினாள். கோட்டை அழித்துவிட்டு, கரைக்கு வெளியே தள்ளி வரைந்தாள். "அறுபத்தொண்ணு," என்றாள் மெதுவாக. பட்டியலிலும் அந்த மாதத்துக்கு அறுபத்தொன்றுதான். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆவுடை கீரை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தோரு வருடத்துக்காகவும் அழுதாள். ஆனால் முதலில் அழுதது அந்தப் பிள்ளை ரப்பரைக் கேட்டு வாங்கிய விதத்தை நினைத்துத்தான்.

அடுத்த மாதம் இன்னும் கஷ்டம். பட்டியல்படி அறுபத்து நாலு வேண்டும். வெளிக்கரையில் வரைந்தாலும் அறுபத்தொன்றுக்கு மேல் வராது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆவுடை தனியாக நடுப்பாதைக்குப் போனாள். தாளில் இருந்த துளையைக் கொண்டை ஊசியால் நெம்பி இன்னும் மூன்று மில்லிமீட்டர் அகலமாக்கினாள். துளை எவ்வளவு பெருக்கிறதோ, அட்டையில் விழும் வட்டமும் அவ்வளவு பெருக்கும். ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கும். இதையும் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்தே அவர்களை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு குத்தியது. இன்னும் ஒரு மாதம், எஞ்சின் ஓடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை செல்சியா வரைந்தாள். அளந்தாள். ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அறுபத்தெட்டு," என்றாள்.

அறுபத்தெட்டு அடுத்த மாதத்துக்கான எண். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பிரிட்டோ அவள் காலை விட்டுவிட்டு, "ஒரு மாசம் முன்னாடியே போவோம்!" என்று கத்திக்கொண்டு பாதை முழுக்க உருண்டான்.

சாப்பாட்டு அறை அன்று கல்யாண வீடாகிவிட்டது. சேமிப்பிலிருந்த பால்மாவை எடுத்துப் பாயசம் வைத்தார்கள். ஜெசிந்தா சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு மாசம் முன்ன போனா கை நீளமாயிருமே. மடிச்சுத் தைக்கட்டா?" என்று ஆளாளுக்குக் கேட்டாள்.

"ஒரு மாசத்துல உன் மகன் பனைமரமா வளந்திருவானாக்கும்?" என்று யாரோ கேலி செய்ய, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். கணவன் இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆவுடை பாயசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். வெளிக்கரைக்கு மூன்று. துளைக்கு மூன்று. அறுபத்தெட்டில் ஆறு போனால் அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டாக இருந்த சூரியன் அறுபத்திரண்டு ஆகியிருக்கிறது! பொய் சொன்னவள் அவள்தான். அந்தப் பொய்யில் ஒட்டாமல் மிஞ்சிய நாலு மில்லிமீட்டர் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள். நாற்பத்தாறு வயதுப் பொம்பளை கப்பலுக்குள் ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். சந்தோசத்தில் ஓடுகிறாள் என்று நினைத்தார்கள், அது சரியும்தான்.

"அண்ணாச்சி, எஞ்சின் ஓடுச்சுல்லா? என்கிட்ட மறைக்காதிய."

சேர்மத்துரை நாற்காலியிலிருந்து எழவில்லை. "ஓடலம்மா. போன செவ்வாக்கிழமை பாக்கியநாதன் கையை விரிச்சுட்டான். உள்ள உருகிப் போயிருக்கு. இனி அது ஓடாது."

"செவ்வாக்கிழமையா? இன்னைக்குச் சனிக்கிழமை."

"எப்படிச் சொல்லன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

"ஆனா வட்டம் வளந்திருக்கே!"

"நீதானேம்மா வளத்த."

"நான் வளத்தது ஆறு. மீதி நாலை யாரு வளத்தா?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கருவிகளைப் பார்த்துச் சொன்னார். கப்பல் சூரியனுக்குக் கிட்டே வர வேண்டிய அளவு வந்து, இப்போது விலகத் தொடங்கிவிட்டது. ஆவுடைக்குக் கிடைத்த நம்பிக்கைக்கு ஆயுசு அரை மணி நேரம்கூட இல்லை. அந்த அரை மணி நேரத்தில் அவள் தன் ஊர் பஸ்ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுத் தெருவரைக்கும் நடந்தே போய்விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது வெள்ளித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நடுப்பாதைக்குப் போனாள். கிழித்த தாளை அகற்றிவிட்டு, முதல் மாதம் துளை போட்ட அதே ஆணியால் புதிதாகத் துளை போட்டாள். விளக்கை அணைத்து, உள் ஓரத்தைப் பிடித்து வரைந்து அளந்தாள்.

"அம்பத்தேழா அத்தை?"

பின்னால் செல்சியா கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து நின்றாள்.

"உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"நீங்க தப்புன்னு சொன்ன மறுநாளே நானும் பிரிட்டோவும் வந்து அளந்தோம். அதுக்கு மறுநாளும் வந்தோம். பதினேழு தடவை அளந்தாச்சு. எப்பவும் அம்பத்தெட்டுதான். பத்து நாளைக்கு முன்ன அம்பத்தேழரை ஆயிட்டு."

"பிரிட்டோவுக்கும் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாது. அவன் காலைத்தான பிடிப்பான். நம்பர் சொல்லமாட்டேன்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

செல்சியா கயிற்றைத் திருகினாள். "ஊருக்குப் போற ஆசையில நீங்க தப்பா பாக்குதியன்னு நெனச்சேன். அதான் வெளிய வரையச் சொல்லுதியன்னு. உங்களுக்கு உண்மை தெரிஞ்சா தாங்கமாட்டிய. அம்மாவும் தாங்கமாட்டா. அதான் நேத்தைக்குக் கரையைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி வரைஞ்சேன். அறுபத்து நாலு வந்தாப் போதும்னுதான் வரைஞ்சேன். ஆனா வட்டமே பெரிசா விழுந்திருக்கு போல, அளந்து பாத்தா அறுபத்தெட்டு. அதுக்குள்ள வாயில வந்துட்டு, எல்லாரும் கைதட்டிட்டாங்க. தாள் கிழிஞ்சிருந்துச்சா அத்தை?"

எவ்வளவு சுளுவாகச் சரி என்று சொல்லிவிடலாம்! தாள்தான் கிழிந்தது என்றால் அந்தப் பிள்ளை நம்பிவிடும். அத்தை பொய் சொல்வாள் என்று அதற்கு இன்னும் தோன்றவே இல்லை.

"தாளா கிழியலட்டி. நான்தான் கிழிச்சேன்."

செல்சியா புரியாமல் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும். நீ அன்னைக்கு அளக்குறதுக்கு முன்னாடியே கேப்டன் சொல்லிட்டாரு. எஞ்சின் கெட்டுப்போச்சு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வட்டத்தைப் பெரிசாக்கச் சொன்னாரு. நான் செஞ்சேன்."

பிள்ளை கோபப்படும், கத்தும், அடிக்கும் என்று ஆவுடை காத்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் அளந்தது சரிதானா?" என்று கேட்டாள் செல்சியா.

"சரிம்மா. முதல் தடவையே சரி. பதினேழு தடவையும் சரி."

அதற்கு மேல்தான் பிள்ளை அழுதது. ஒரு மாதமாகத் தன் கண்ணிலும் கையிலும் ஏதோ கோளாறு இருக்குமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்திருக்கிறது. எடையில்லாத இடத்தில் கண்ணீர் வழியாமல் கண்ணிலேயே தேங்கியது. ஆவுடை அதைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தன் கண்ணை ஒற்ற அவளுக்கு நினைவில்லை.

"எப்ப போவோம் அத்தை?"

"முப்பத்தோரு வருசம் ஆகும்."

செல்சியா விரலை மடக்கவில்லை. அந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு மனக்கணக்கு. "எனக்கு நாப்பத்திரண்டு. தம்பிக்கு முப்பத்தேழு. அம்மாவுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "அம்மாகிட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டாள்.

"கேப்டன் சொல்லணும். அவரு இன்னும் ஒரு வாரம்னு சொல்லுவாரு. அப்புறம் இன்னொரு வாரம்னுவாரு."

"அதுக்குள்ள அம்மா சட்டையைக் குட்டையாத் தச்சிருவா," என்றாள் செல்சியா.

ஆவுடை அட்டையிலிருந்து தாளை உருவினாள். வட்டத்துக்குக் கீழே அன்றைய தேதியையும் ஐம்பத்தேழு என்ற எண்ணையும் எழுதச் சொல்லி, பென்சிலைச் செல்சியாவிடம் கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். அறை நிறைய ஆட்கள், நேற்றைய சந்தோசம் இன்னும் வடியவில்லை. ஆவுடை தாளைச் சுவரில் அறுபத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூலை மேசையிலிருந்து சேர்மத்துரை பாதி எழுந்தார். "ஆவுடை," என்றார். அவள் திரும்பிப் பார்த்ததும், மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு வகையில் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா கையிலே ஊசியோடு எழுந்து வந்தாள். புது வட்டத்தைப் பார்த்தாள், பழையதைப் பார்த்தாள், சிரித்தாள்.

"என்னட்டி இது, சுருங்கிப்போச்சு? ஏக்கா, உங்க சிஷ்யை தூக்கக் கலக்கத்துல அளந்திருக்கா. தப்புன்னு சொல்லுங்க."

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். செல்சியா அம்மாவைப் பார்க்கவில்லை, ஆவுடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு இல்ல ஜெசிந்தா," என்றாள் ஆவுடை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "பிள்ளை சரியாத்தான் அளந்திருக்கா. கப்பல் வீட்டுக்குப் போகல."

சிரித்தவர்கள் அடங்க ஒரு நொடி ஆனது. எல்லா முகமும் மூலை மேசையின் பக்கம் திரும்பியது. சேர்மத்துரை தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமான பதிலாகிவிட்டது. ஜெசிந்தா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊசி குத்திய சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு வட்டங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்போ நேத்தைக்கு வரைஞ்சது?" என்று மகளிடம் கேட்டாள்.

செல்சியா அருகே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உனக்காக வரைஞ்சதும்மா."